கூடமும் கோணலாக இருக்கலாம்

'ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்பது நம் பழமொழி. தன் திறமைக் குறைவை மறைக்க இடத்தின்மீது பழி போடுவோரை இடித்துரைப்பதற்கு எழுந்த மொழி இது. நடனத்திற்கு இது பொருந்துமோ பொருந்தாதோ, நாம் அறியோம். ஆனால் தொழிற்சாலை என்னும் கூடத்தைப் பொறுத்தவரை இந்தப் பழமொழியை அப்படியே ஏற்றுக்கொள்ள மறுத்த எஞ்சினியர் ஒருவர் ஜப்பான் தேசத்தில் இருந்தார். 'ஆடியவளைத் திட்டுவதற்கு முன் கூடத்தை ஒருமுறை அளந்து பார்ப்போம்' என்பதே அவர் கொள்கை. ஏறத்தாழ அறுபது ஆண்டுக் காலம் பட்டறை பட்டறையாகச் சென்று அவர் அளந்து பார்த்தார். மிகப் பல இடங்களில் கூடம் கோணலாகவே இருந்தது!

ஷிகேயோ ஷிங்கோ என்பது அவர் பெயர். அவரைப் பற்றி நம் குடும்பங்கள் அறிந்துகொள்வது நலம் என்று கருதியே இக்கட்டுரையை எழுதுகிறோம். தமிழகத்தை விட்டு வெளியே குடியேறி வாழும் நம்மவர் வீடுகளில் பட்டறையின் வாடை படாத வீடு அரிது. ஜாம்ஷெட்பூரும் பிலாயும் தரும் எஃகு, சித்தரஞ்சனில் உருவாகும் ரயில் எஞ்சின், புனேயைச் சுற்றி எழுந்த மோட்டார்த் தொழிற்சாலைகள் - எங்கு நோக்கினும் நம்மவர் ஒருவர் டர்னராகவோ, பிட்டராகவோ, மெஷினிஸ்டாகவோ, போர்மனாகவோ இருப்பார். அவர் மாலையில் முகம் வாடி வீடு திரும்பினால் அதற்குக் காரணம் பெரும்பாலும் உடல் உழைப்பன்று. 'யந்திரம் ஏன் நின்றது?', 'பொருள் ஏன் கெட்டது?' என்று மேலே உள்ளவர் கேட்ட கேள்வியே காரணம். அக்கேள்வியை எப்படிக் கேட்க வேண்டும் என்பதை உலகிற்குக் கற்பித்தவர் ஷிங்கோ.

ரயில்வேப் பட்டறையில் தொடக்கம்

ஷிங்கோ 1909ஆம் ஆண்டு ஜனவரி மாதம் ஜப்பானின் தென்பகுதியிலுள்ள சாகா நகரில் பிறந்தார். யமனாஷி தொழில்நுட்பக் கல்லூரியில் படித்து 1930இல் தேறியதும் அவருக்குக் கிடைத்த முதல் உத்தியோகம், தைவான் தீவில் தைப்பே நகரத்து ரயில்வேத் தொழிற்சாலையில். அக்காலத்தில் தைவான் ஜப்பானின் ஆட்சியில் இருந்தது. ரயில்வேயில் குமாஸ்தாவாகக் காலம் தள்ளும் நமக்கு, உலகப் புகழ் பெற்ற இவ்வாழ்க்கை ஒரு ரயில்வேப் பட்டறையில் தொடங்கியது என்பதில் சிறிது பெருமை உண்டு, அதை மறைப்பானேன்?

அங்கே வார்ப்படப் பிரிவில் அவர் தொழில்நுட்ப உதவியாளர். உருகிய இரும்பை மணல் அச்சில் வார்க்கும் இடம் அது. வேலை செய்வோர் சோம்பேறிகள் அல்லர். ஆனால் அவர்கள் உழைப்பில் பெரும்பகுதி நடப்பதிலும், சுமப்பதிலும், தேடுவதிலும், காத்திருப்பதிலும் கழிந்துகொண்டிருந்தது. ஜப்பானிய ரயில்வேயின் வேறு பட்டறைகளில் வேலைமுறையைச் சீர்திருத்தியது பற்றி அவர் படித்தார். 1931இல் அமெரிக்கரான ஃபிரெடரிக் டெய்லர் எழுதிய விஞ்ஞான நிர்வாகம் பற்றிய நூல் அவர் கைக்குக் கிட்டியது. அன்றே இதுதான் தம் வாழ்நாள் வேலை என்று அவர் தீர்மானித்துவிட்டார்.

டெய்லரைப் பற்றி இவ்விடத்தில் இரண்டு வார்த்தை கூற வேண்டும். அவரும் லேத்தின் அருகே நின்று வளர்ந்தவரே. உலோகத்தைக் கடையும்போது எந்த வேகத்தில், எத்தனை ஆழத்தில், எவ்வடிவ உளியால் கடைவது சிறந்தது என்பதை இருபத்தாறு ஆண்டுகள் சோதித்து, 1906இல் அமெரிக்க எஞ்சினியர்கள் சபையில் வெளியிட்டார். அவரும் மான்செல் ஒயிட் என்பவரும் உளி எஃகைப் பதப்படுத்தக் கண்ட புதிய முறையினால்தான், சூடேறிச் சிவந்தாலும் கூர் மழுங்காமல் கடையும் அதிவேக எஃகு உலகெங்கும் பரவியது. இன்றும் தொழிற்பயிற்சி நிலையங்களில் மாணவர் கையில் இருக்கும் 'எச்.எஸ்.எஸ்.' உளிக்கு மூலம் அதுவே.

ஆனால் டெய்லர் முறைக்கு இன்னொரு முகமும் இருந்தது. நிறுத்து கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு தொழிலாளியின் ஒவ்வொரு அசைவையும் அளப்பது அம்முறை. சிந்திப்பது அதிகாரியின் வேலை, செய்வது தொழிலாளியின் வேலை என்று அது பிரித்தது. 1911 ஆகஸ்டில் அமெரிக்காவின் வாட்டர்டவுன் ஆயுதச்சாலையில் வார்ப்படத் தொழிலாளர்கள் அக்கடிகாரத்தை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தனர். விஷயம் அந்நாட்டுப் பாராளுமன்றம் வரை சென்று, சில ஆண்டுகளுக்குப் பின் அரசாங்க ஆயுதச்சாலைகளில் நிறுத்து கடிகாரம் விலக்கப்பட்டது. ஷிங்கோ டெய்லரின் சீடர்தாம். ஆனால் குருவைவிட ஓரடி அப்பால் சென்ற சீடர் என்பதை இனி வரும் செய்திகள் காட்டும்.

பொருளின் பிரயாணம்

1943இல், யுத்தகால உத்தரவின்படி, ஷிங்கோ யோகஹாமாவிலுள்ள அமானோ தொழிற்சாலைக்கு மாற்றப்பட்டார். அங்கே ஒரு பகுதியின் உற்பத்தியை இருமடங்காக்கினார். யுத்தம் முடிந்தபின் ஜப்பான் நிர்வாகச் சங்கத்தில் ஆலோசகராகச் சேர்ந்து, தொழிற்சாலைகளுக்குச் சென்று வழி கூறுவதையும் பாடம் நடத்துவதையும் தொழிலாகக் கொண்டார்.

இக்காலத்தில் அவர் எடுத்துக் கூறிய கருத்து ஒன்று உண்டு. பட்டறையில் இரண்டு ஓட்டங்கள் இருக்கின்றன. ஒன்று பொருளின் ஓட்டம். மற்றொன்று ஆளும் யந்திரமும் செய்யும் வேலையின் ஓட்டம். ஜனங்கள் இரண்டாவதையே பார்க்கிறார்கள். ஆளை விரட்டினால் வேலை விரையும் என்று நினைக்கிறார்கள். முதலாவதைப் பார்த்தால் உண்மை விளங்கும்.

இதை நம் பார்சல் ஆபீஸைக் கொண்டு விளக்கலாம். ஒரு மூட்டை புறப்பட்ட இடத்திலிருந்து சேரும் இடத்திற்குப் போக மூன்று நாள் ஆயிற்று என்று வைத்துக்கொள்வோம். அதில் வண்டியில் ஓடிய நேரம் எவ்வளவு? கிடங்கில் கிடந்த நேரம் எவ்வளவு? எடை போடவும், எண்ணவும், மறுபடி எண்ணவும் ஆன நேரம் எவ்வளவு? தொழிற்சாலையில் ஒரு இரும்புத் துண்டின் பிரயாணமும் இப்படியே. அதற்கு நான்கு நிலைகள்தாம் உண்டு என்றார் ஷிங்கோ: உருமாறுதல், சோதிக்கப்படுதல், இடம் பெயர்தல், காத்திருத்தல். இவற்றில் உளி தொடும் முதல் நிலை ஒன்றே பொருளுக்கு மதிப்பைக் கூட்டுகிறது. மற்ற மூன்றும் செலவு. லேத் ஓட்டுபவன் கையை இன்னும் வேகமாக அசைக்க வேண்டும் என்று கூச்சலிடுவதால், கிடங்கில் நான்கு நாள் கிடக்கும் துண்டு ஒரு நிமிஷம்கூட முன்னதாக வந்துவிடாது.

காணாமற்போன போல்ட்

1950ஆம் ஆண்டு. ஹிரோஷிமாவில் தோயோ கோக்யோ என்னும் கம்பெனி மூன்று சக்கர மோட்டார் வண்டிகளைச் செய்துவந்தது. இன்று மாஸ்டா என்று உலகம் அறியும் கம்பெனி அதுவே. அங்கே தகடுகளை அழுத்தி வடிவமாக்கும் பெரிய பிரஸ் யந்திரங்கள் மூன்று இருந்தன: 350, 750, 800 டன் வலுவுள்ளவை. இம்மூன்றினாலும் வேலை தேங்குகிறது, புதிய யந்திரம் வாங்கவேண்டும் என்பது நிர்வாகத்தின் எண்ணம். ஷிங்கோ, 'வாங்குவதற்கு முன் ஒரு வாரம் நின்று பார்க்க அனுமதியுங்கள்' என்றார். பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று சலித்துக்கொண்டே அனுமதித்தார்கள்.

மூன்றாம் நாள் 800 டன் பிரஸ்ஸில் அச்சு மாற்றும் வேலை நடந்தது. பழைய அச்சைக் கழற்றினார்கள். அதன்பின் ஒரு தொழிலாளி அங்குமிங்கும் ஓடத் தொடங்கினார். ஷிங்கோ காரணம் கேட்டார். புதிய அச்சைப் பிணைக்கும் போல்ட்டுகளில் ஒன்றைக் காணோம்! தேடிப் பார்த்துக் கிடைக்காமல், அடுத்த யந்திரத்தின் அச்சுக்குரிய நீண்ட போல்ட் ஒன்றை எடுத்துச் சென்று, அளவாக அறுத்து, மரை வெட்டி, ஒரு மணி நேரத்திற்கு மேல் கழித்து வந்து பூட்டினார் அந்த மனிதர். அப்படியானால் அறுக்கப்பட்ட போல்ட்டுக்குரிய அச்சை நாளை மாட்டும்போது என்ன செய்வது? அதற்கு வேறொன்றை அறுக்க வேண்டியதுதான்!

இந்நிகழ்ச்சியைப் பார்த்த வேறு எவரும் அத்தொழிலாளியைப் பொறுப்பற்றவர் என்று எழுதிவைத்திருப்பர். அவர் உண்மையில் பொறுப்பு மிகுந்தவர். இல்லாத பொருளை உண்டாக்கியல்லவா வேலையை முடித்தார்? கோணல் கூடத்தில் இருந்தது. ஒவ்வோர் அச்சுக்கும் வேண்டிய போல்ட்டுகளை முன்னதாகவே எண்ணித் தனிப் பெட்டியில் வைக்கும் வழக்கம் அங்கே இல்லை. ஷிங்கோ அவ்வழக்கத்தை ஏற்படுத்தினார். வேலைத்திறன் ஐம்பது சதவிகிதம் அளவுக்கு உயர்ந்தது. தேக்கம் நீங்கியது. புதிய யந்திரத்திற்கு அவசியம் இல்லாமற் போயிற்று.

வண்டி நிற்கும்போதும் ஓடும்போதும்

இந்த அனுபவத்திலிருந்து ஷிங்கோ ஒரு பாகுபாட்டைக் கண்டார். ஒரு வேலையிலிருந்து மறு வேலைக்கு யந்திரத்தைத் தயார் செய்வதில் இரண்டு வகைக் காரியங்கள் உண்டு. யந்திரம் நின்றால்தான் செய்யக்கூடியவை ஒரு வகை. யந்திரம் முந்தைய வேலையைச் செய்து ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்து முடிக்கக்கூடியவை மறு வகை. அச்சைக் கழற்றுவதும் பூட்டுவதும் முதல் வகை. அச்சைக் கிடங்கிலிருந்து கொண்டுவருதல், துடைத்தல், போல்ட் எண்ணுதல், ஸ்பேனரை எடுத்து வைத்தல் யாவும் இரண்டாம் வகை. இரண்டாம் வகைக் காரியத்தை முதல் வகை நேரத்தில் செய்வதுதான் பட்டறைகளின் பெரும் நோய்.

ரயில் நிலையத்தை நினைத்துப் பாருங்கள். எக்ஸ்பிரஸ் வண்டி ஐந்து நிமிஷம் நிற்கும். ஏற்ற வேண்டிய பார்சல்களை எண்ணி, சீட்டு எழுதி, தள்ளுவண்டியில் வைத்து, பிரேக் வான் வந்து நிற்கும் இடத்தில் முன்கூட்டியே நிறுத்திவிட்டால் ஐந்து நிமிஷம் தாராளமாகப் போதும். வண்டி வந்து நின்றபின் கிடங்கின் சாவியைத் தேடினால் ஐம்பது நிமிஷமும் போதாது. இதில் போர்ட்டரின் கைவேகத்தைக் குறை கூறி என்ன பயன்?

ரயில் எஞ்சின் விஷயமும் அப்படியே. கடைசி நிலையத்தை அடைந்த வண்டி திரும்ப வேண்டுமானால், எஞ்சினைக் கழற்றி, வேறு தடத்தில் சுற்றிக் கொண்டுவந்து, மறு முனையில் பூட்ட வேண்டும். 1925 பிப்ரவரி 3ஆம் தேதி அன்றைய பம்பாய் விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லாவுக்கு ஓடத் தொடங்கிய மின்சார வண்டிகளுக்கு அத்தொல்லை இல்லை. ஓட்டும் அறை இரு முனையிலும் இருந்தது. எஞ்சினை விரைவாக மாற்றுவது ஒரு கெட்டிக்காரத்தனம். மாற்ற வேண்டிய அவசியமே இல்லாமற் செய்வது அதனினும் பெரிய கெட்டிக்காரத்தனம்.

நம் இல்லத்தரசிகளுக்கு இது புதிய பாடமன்று. இட்லிப் பானை அடுப்பில் ஏறியபின் அரிசியை ஊறப்போடுபவர் எவரும் இலர். முன்னாள் மாலையிலேயே மாவு அரைத்து வைத்தால்தான் காலை எட்டு மணி ஷிப்டுக்குப் போகிறவர் பசியாறிப் போக முடியும். அடுப்பங்கரையில் பல தலைமுறையாக உள்ள ஞானம் தொழிற்சாலைக்கு இவ்வளவு தாமதமாக வந்து சேர்ந்ததே ஆச்சரியம்!

1957இல் ஹிரோஷிமாவிலுள்ள மித்சுபிஷி கப்பல் தொழிற்சாலையில் இதே கருத்து மீண்டும் தலைகாட்டியது. டீசல் எஞ்சினின் அடிப்படுகையை இழைக்கும் பிளேனர் யந்திரம் ஒன்று அங்கிருந்தது. ஒவ்வொரு படுகையையும் மேடைமீது ஏற்றி, மையம் பார்த்து, அளவு குறித்துப் பொருத்தும் வரையில் யந்திரம் சும்மா நின்றது. ஷிங்கோ இரண்டாவது மேடை ஒன்றைச் செய்யச் சொன்னார். ஒரு மேடைமீதுள்ள படுகை இழைக்கப்படும்போதே அடுத்த படுகை மற்ற மேடைமீது அளவு பார்த்துத் தயாராகிவிடும். உற்பத்தி நாற்பது சதவிகிதம் கூடியது. ஆயினும் இதன் முழுப் பொருளைத் தாம் அன்று உணரவில்லை என்று ஷிங்கோ பிற்காலத்தில் வருந்தி எழுதினார். 1950இல் முளைத்த விதை மரமாக 1969 வரை, பத்தொன்பது ஆண்டுகள் ஆயின.

நான்கு மணியிலிருந்து மூன்று நிமிஷம்

1969இல் டொயோட்டா மோட்டார் கம்பெனியில் 1000 டன் பிரஸ் ஒன்றுக்கு அச்சு மாற்ற நான்கு மணி நேரம் ஆயிற்று. ஜெர்மனியின் வோக்ஸ்வாகன் தொழிற்சாலையில் அதையொத்த யந்திரத்திற்கு இரண்டு மணி நேரமே ஆகிறது என்ற செய்தி நிர்வாகத்தை உறுத்தியது. ஷிங்கோவை அழைத்தார்கள். யந்திரம் நிற்கையில் செய்வன, ஓடுகையில் செய்வன என்று காரியங்களைப் பிரித்து, ஆறு மாதத்தில் அவரும் பட்டறைக்காரர்களும் அதைத் தொண்ணூறு நிமிஷமாகக் குறைத்தனர். அடுத்த மாதம் அவர் சென்றபோது புதிய கட்டளை காத்திருந்தது: 'மூன்று நிமிஷமாக்க வேண்டும்!'

ஒரு கணம் திகைத்தார் ஷிங்கோ. பிறகு அவர் மனத்தில் மின்னல் போல் ஓர் எண்ணம் தோன்றியது. நிற்கையில் செய்யும் காரியங்களையே ஓடுகையில் செய்யும் காரியங்களாக மாற்றிவிட்டால் என்ன? அங்கேயே கரும்பலகையில் வழிகளை எழுதினார் என்பர். மூன்று மாதத்தில் மூன்று நிமிஷம் கைகூடியது.

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை, வழிகள் எளியவை. ஒரு போல்ட்டில் பதினைந்து மரை இருந்தால் நட்டைப் பதினைந்து சுற்றுச் சுற்றுகிறோம். ஆனால் இறுகுவது கடைசிச் சுற்றில். தளர்வது முதற் சுற்றில். இடையிலுள்ள பதினான்கும் வீண். போல்ட் நுழையும் துளையைப் பேரிக்காய் வடிவில், ஒரு பக்கம் அகலமாகவும் மறு பக்கம் குறுகலாகவும் வெட்டிவிட்டால், நட்டைக் கழற்றாமலே மூடியை நுழைத்து, சற்றுத் திருப்பி, ஒரே சுற்றில் இறுக்கலாம்.

அடுத்தது உயரம். அச்சுகள் வெவ்வேறு உயரமாக இருந்தால் ஒவ்வொரு தடவையும் யந்திரத்தைச் சரி செய்ய வேண்டும். குட்டையான அச்சின் அடியில் அளவான தகட்டை நிலையாகப் பொருத்திவிட்டால் எல்லா அச்சும் ஒரே உயரம். சரி செய்ய வேண்டியதே இல்லை. மாற்றும் நேரத்தில் ஏறத்தாழச் சரிபாதி, பூட்டிய பிறகு ஓட்டிப் பார்த்து, அளந்து, மீண்டும் தட்டிச் சரி செய்வதிலேயே போகிறது என்பது ஷிங்கோவின் கணக்கு. ஆதலின் 'சரி செய்தலைத் துரிதப்படுத்தாதே. அதை ஒழித்துவிடு' என்பது அவர் பாடம்.

பத்து நிமிஷத்திற்குள், அதாவது ஒற்றை இலக்க நிமிஷத்திற்குள், அச்சு மாற்றுவது என்ற பொருளில் இம்முறையை ஆங்கில எழுத்துக்களால் 'எஸ்.எம்.இ.டி.' என்று வழங்குகின்றனர். பிரஸ்ஸுக்கு மட்டுமன்று, லேத், துளையிடும் யந்திரம், இன்றைய கம்ப்யூட்டர் லேத் ஆகிய எல்லாவற்றிற்கும் இது பொருந்தும். கம்ப்யூட்டர் லேத் தானே கடையும். ஆனால் உளியைக் கொண்டுவந்து பொருத்தி அளவு சொல்லுவது இன்னும் மனிதன் வேலைதானே?

சில மணி நேரம் மிச்சமானதில் என்ன பெரிய ஆதாயம் என்று சிலர் கேட்கலாம். மாற்ற நான்கு மணி ஆனால், மாற்றியது மாற்றியதாயிற்று என்று ஒரே பொருளை ஆயிரக்கணக்கில் செய்து குவிப்பார்கள். அது விற்கும் வரை கிடங்கில் துருப்பிடிக்கும், பணம் முடங்கும், அளவு தவறியிருந்தால் ஆயிரமும் பாழ். மூன்று நிமிஷத்தில் மாறுமானால், இன்று தேவையானதை இன்று செய்யலாம். கடை தூரமாயிருக்கும் வீட்டில்தான் மூட்டை மூட்டையாக வாங்கி அடுக்க வேண்டும்.

ஒரு பெண்ணின் கண்ணீர்

ஷிங்கோவின் வாழ்வில் நம் உள்ளத்தை மிகத் தொடுவது வேறொரு செய்தி. 1961இல் யமடா எலெக்ட்ரிக் என்னும் தொழிற்சாலையில் ஒரு சிறு சுவிட்சைப் பூட்டும் வேலை நடந்துவந்தது. இரண்டு பொத்தான்களின் கீழ் இரண்டு வில் கம்பிகளை வைக்க வேண்டும். சில சமயம் ஒன்றை வைக்க மறந்துவிடுவர். புகார் வரும். அதிகாரி 'ஜாக்கிரதை' என்று எச்சரிப்பார். சில நாள் சரியாக நடக்கும். மறுபடி மறப்பர். ஷிங்கோ சொன்ன பரிகாரம் ஒரு சிறு தட்டு. முதலில் பெட்டியிலிருந்து இரண்டு வில்களை எடுத்துத் தட்டில் வை. பிறகு தட்டிலிருந்து எடுத்துப் பூட்டு. பூட்டி முடிந்தபின் தட்டில் ஒன்று மிஞ்சியிருந்தால் மறந்துவிட்டோம் என்று அப்போதே தெரியும். மறத்தல் மனித இயல்பு. அதைக் கண்டிப்பினால் மாற்ற இயலாது. ஆனால் மறதி குறையாக முடியாமல் தடுக்க இயலும்.

இத்தகைய சாதனங்களுக்கு ஜப்பானிய மொழியில் முதலில் 'பாகா-யோகே' என்று பெயர் வழங்கிற்று. 'முட்டாளுக்குத் தடுப்பு' என்பது அதன் பொருள். 1963இல் அரகாவா ஆட்டோ பாடி என்னும் கம்பெனியில், மோட்டார் இருக்கையின் இடப் பாகமும் வலப் பாகமும் மாறிப்போகாதிருக்க இப்படி ஒரு சாதனம் வைத்தார்கள். அதை விளக்கிய அதிகாரி அந்தப் பெயரையே கூறினார். அங்கு வேலை செய்த பெண்ணொருத்தி, தான் அவ்வளவு முட்டாளாகவா இருந்தேன் என்று கேட்டு அழுதுவிட்டாள். மறுநாள் வேலைக்கு வரவில்லை. அதிகாரி அவள் வீடு தேடிச் சென்று சமாதானம் கூற நேர்ந்தது.

இதைக் கேள்வியுற்ற ஷிங்கோ அப்பெயரையே மாற்றினார். 'போகா-யோகே' என்றார். 'போகா' என்றால் அறியாமல் நேரும் தவறு. 'தவறுக்குத் தடுப்பு' என்று பொருள் மாறியது. ஓரெழுத்து மாற்றத்தில் மனிதனின் மீதிருந்த பழி நீங்கி, தவறின்மீது போய் அமர்ந்தது. இன்று உலகமெங்கும் எஞ்சினியர்கள் உச்சரிக்கும் அச்சொல், ஒரு சாதாரணத் தொழிலாளிப் பெண்ணின் கண்ணீரால் பிறந்தது என்பதை எத்தனை பேர் அறிவர்?

ஆசிரியர் ஷிங்கோ

1955 முதல் டொயோட்டாவின் பணியாளர்களுக்கும் அதற்குப் பாகங்கள் செய்து தரும் கம்பெனிகளுக்கும் பயிற்சி அளிக்கும் பொறுப்பு ஷிங்கோவிடம் இருந்தது. வகுப்பில் கூறியதை வகுப்போடு நிறுத்தாமல் பட்டறையில் நின்று பார்க்கக் கற்பித்தார். 'எப்படிச் செய்வது' என்று அறிவது போதாது, 'ஏன் செய்கிறோம்' என்று அறிந்தால்தான் வேறிடத்தில் வேறு விதமாகச் செய்ய முடியும் என்பது அவர் கருத்து. 1959இல் சொந்தமாக ஆலோசனை நிலையம் தொடங்கினார்.

டொயோட்டாவின் உற்பத்தி முறை முழுவதையும் ஷிங்கோவே கண்டுபிடித்தார் என்று சிலர் எழுதுவர். அது மிகை. அம்முறையின் சிற்பி தாயிச்சி ஓனோ என்பவர். அவர் அக்கம்பெனியின் யந்திரக் கடைசல் பட்டறையில் 1940களின் இறுதியிலேயே ஒரே ஆள் பல யந்திரங்களைக் கவனிக்கும்படி அவற்றை வரிசை மாற்றி அமைத்தவர். ஓனோ கட்டடம் கட்டினார். ஷிங்கோ கொத்தனார்களுக்குப் பாடம் சொன்னார் என்று நாம் கூறலாம். இருவரும் 1990ஆம் ஆண்டிலேயே காலமானார்கள். 1988இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பல்கலைக் கழகம் ஷிங்கோவுக்குக் கௌரவ டாக்டர் பட்டம் அளித்து, அவர் பெயரால் ஒரு பரிசையும் ஏற்படுத்தியது. டெய்லரின் நூலைப் படித்து வளர்ந்தவருக்கு டெய்லரின் நாடே ஆசிரியர் ஸ்தானம் தந்தது!

மிஞ்சிய நேரம் யாருக்கு?

நிற்க. இம்முறைகளைப் புகழ்வதோடு நின்றுவிட்டால் அது நேர்மையாகாது. வீணான அசைவுகளை நீக்கியபின் மிஞ்சும் நேரம் யாரைச் சேரும்? தொழிலாளிக்குச் சற்று மூச்சு விட அவகாசம் கிடைக்குமா, அல்லது அந்நேரத்திலும் இன்னொரு யந்திரத்தை அவன் தலையில் கட்டுவார்களா? சதோஷி கமாதா என்னும் பத்திரிகையாளர் 1972இல் டொயோட்டாவில் பருவத் தொழிலாளியாகச் சேர்ந்து சில மாதம் வேலை செய்து, அங்குள்ள கடுமையான வேகத்தையும் களைப்பையும் 1973இல் ஒரு நூலாக வெளியிட்டார். ஆகவே ஒரே தொழிற்சாலைக்கு இரண்டு சித்திரங்கள் உண்டு. கருவி ஒன்றே, பிடிக்கும் கை வேறு. அறுவை வைத்தியர் கையில் உள்ள கத்தி உயிர் காக்கும். வேறு கையில் அதுவே வேறு வேலை செய்யும்.

இம்முறையைத் தொழிற்சாலைக்குள் கொண்டுவருவோரிடம் நாம் ஒன்று கேட்க வேண்டும். கடிகாரத்தைப் பிடிப்பதற்கு முன் போல்ட் பெட்டியைத் திறந்து பார்த்தீர்களா? தொழிலாளியை யோசனை கேட்டீர்களா? அவர் கண்டுபிடித்த சுலப வழியினால் அவருடைய வேலையே போய்விடாது என்று உறுதி கூறினீர்களா? இவற்றிற்கு 'ஆம்' என்னும் விடை கிடைக்கும் பட்டறையில் ஷிங்கோவின் முறை வாழும். மற்ற இடத்தில் அது சுவரில் ஒட்டிய வாசகமாகவே நிற்கும்.

நம் வீடுகளில்

நம்மிடையே ஒரு வழக்கம் இருக்கிறது. மகன் பட்டப் படிப்பில் சேர்ந்தால் ஊருக்கெல்லாம் கடிதம் எழுதுவோம். டர்னர் அல்லது மெஷினிஸ்ட் பயிற்சியில் சேர்ந்தால், யாராவது கேட்டால் மட்டும் சொல்லுவோம். அது தகாது. ஷிங்கோவின் படிப்பு கல்லூரியில் முடியவில்லை. வார்ப்படப் பட்டறையில்தான் தொடங்கிற்று. லேத்தின் முன் நிற்கும் இளைஞன் தன் கண்ணைத் திறந்து வைத்திருந்தால், அவன் காண்பதை அலுவலக அறையில் இருக்கும் எஞ்சினியர் காண முடியாது. கர்நாடகத்தில் பிடதியில் 2007இல் டொயோட்டா கம்பெனியே ஒரு தொழிற்பயிற்சிப் பள்ளியைத் தொடங்கி, பத்தாம் வகுப்புத் தேறிய கிராமத்துப் பிள்ளைகளைச் சேர்த்து மூன்றாண்டுப் பயிற்சி அளிக்க முற்பட்டது. பள்ளி இறுதி வகுப்பு படித்த பிள்ளைக்கும் இவ்வறிவு எட்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

ஆகவே பட்டறைக்குப் போகும் பிள்ளைகளும் தம்பிமாரும் உள்ள வீடுகளுக்கு நாம் கூறுவது இது. ஒரு சிறு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். இன்று யந்திரம் எத்தனை முறை நின்றது, நின்றபோது கை எதைத் தேடிற்று, அதை முன்னாலேயே எடுத்து வைத்திருக்க முடியுமா என்று தினம் இரண்டு வரி எழுதட்டும். மாதம் ஒன்று கழிந்தால் அதில் ஒரு பாடமே இருக்கும். போர்மனிடம் அதைக் காட்டத் தயங்க வேண்டாம். நல்ல போர்மன் மகிழ்வார்.

அவன் களைத்து வீடு வந்ததும், 'இன்று எத்தனை உருப்படி செய்தாய்?' என்று கேட்பவர்கள் பட்டறையிலேயே போதிய பேர் உண்டு. வீட்டிலாவது ஒருவர் காப்பியைக் கையில் கொடுத்து, 'இன்று எதையப்பா தேடினாய்?' என்று கேட்கலாம். அவன் சொல்லத் தொடங்கினால், முடியும் வரை கேளுங்கள்.